சிப்பியின் தாழ்ப்பாள்

"சேர், மழமழப்பான தசை என்டா எண்ணெய் பூசின மாதிரி வழுக்குமா?"

பதினோராந் தரத்து மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. நான் விஞ்ஞான ஆசிரியன் அல்லன். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்று, கண்டிக்கு வடக்கே மலைச்சரிவிலுள்ள ஒரு முஸ்லிம் பாடசாலையில் இலக்கணமும் இலக்கியமும் படிப்பிப்பவன். எங்கள் விஞ்ஞான ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போய் இரண்டு தவணைகள் கழிந்தும் அவருடைய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. வெற்றுப் பாடவேளைகளில் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள அதிபர் என்னை அனுப்பினார். "புத்தகத்தை வாசிக்கச் சொல்லிட்டு இருங்க, அது போதும்" என்றார். வாசிக்கச் சொன்னேன். இழையங்கள் பற்றிய பாடத்தில் தசைகள் மூன்று வகை என்று வந்தது: வன்கூட்டுத் தசை, இதயத் தசை, மழமழப்பான தசை. அந்த இடத்தில்தான் அவள் கையை உயர்த்தினாள்.

நியாயமான கேள்வி. மழமழப்பு என்பது தடவிப் பார்க்கும் கைக்குத் தெரிவது. சலவைக்கல் மழமழப்பு, வழித்த கன்னம் மழமழப்பு. குடலுக்குள்ளும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் ஒளிந்திருக்கும் தசையை யார் தடவிப் பார்த்தார்கள்? தமிழ்நாட்டுப் புத்தகங்களில் 'மென்தசை' என்று இருக்கிறது. அது இதைவிட மோசம். மென்மையானது என்றல்லவா பிள்ளை நினைத்துவிடும்? உயிருலகில் மிக முரட்டுப் பிடி பிடிக்கும் தசைகள் சில இந்த இனத்தைச் சேர்ந்தவைதான். 'வரியற்ற தசை' என்பதே நேரான பெயர். ஆனால் வரி என்றால் என்ன, அது ஏன் இல்லை, இல்லாததால் என்ன என்று அவள் அடுத்துக் கேட்பாளே!

"நாளைக்குச் சொல்றேன் மகள்" என்று தப்பித்துக் கொண்டேன். அந்த நாளை வருவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் வாசித்தறிந்ததையும் வீட்டில் கேட்டறிந்ததையுமே இங்கு எழுதுகிறேன்.

முதற் பாடத்தை மதில்மேல் ஊர்ந்த ஒரு நத்தை எனக்குச் சொல்லித் தந்தது. கண்டிப் பக்கத்து வாசகர்களுக்கு ஆபிரிக்க நத்தையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1900ஆம் ஆண்டளவில் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த அது, மழை பிடித்ததும் மதிலெல்லாம் ஏறி, வல்லாரைப் பாத்தியையும் பப்பாசிக் கன்றையும் தின்று தீர்க்கிறது. நாங்கள் உப்பைத் தூவுவோம். அன்று உப்புக்குப் பதிலாக ஈர்க்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அதன் கண்தண்டின் நுனியைத் தொட்டேன். தண்டு சுருங்கவில்லை. கவனித்துப் பார்த்தால், காலுறையின் நுனியை உள்ளிருந்து இழுத்தால் அது உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டு உள்ளே போகுமே, அப்படிப் போயிற்று. தண்டின் நுனியில் உள்ளிருந்து கட்டப்பட்ட ஒரு தசைநார் அதை இழுத்துக்கொண்டது. சற்றுப் பொறுத்துத் தண்டு மெல்ல மெல்ல வெளியே வந்தது. வெளியே தள்ளியது தசை அல்ல, உள்ளே நிறையும் இரத்தத்தின் அழுத்தம்.

தசையைப் பற்றி முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். தசைக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. சுருங்கிய தசை தளர்ந்தாலும் தானாக நீளாது. அதை நீட்டிவிட வேறொன்று வேண்டும். நம் கையில் மடக்கும் தசைக்கு எதிராக நீட்டும் தசை இருக்கிறது, நடுவே எலும்பு நெம்புகோலாக நிற்கிறது. எலும்பில்லாத நத்தைக்கு உள்ளே அடைபட்ட நீர்மமே எலும்பு.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் வகுக்கும்போது நந்து, முரள் என்பவற்றை ஈரறிவு உயிர்கள் என்கிறார். சங்கு, நத்தை, இப்பி, கிளிஞ்சல் முதலியவற்றை உரையாசிரியர்கள் இவற்றுள் அடக்குவர். இப்பி என்பதுதான் நம் சிப்பி. ஊற்றறிவும் நாவறிவும் மட்டும் உடையவை என்ற அந்த வகுப்பில் இன்றைய விஞ்ஞானி குறை காணலாம், நத்தைக்குக் கண்ணும் மணமறியும் ஆற்றலும் உண்டு. ஆனால் நத்தையையும் சிப்பியையும் ஒரே குடும்பமாகப் பார்த்த பார்வை பிழைக்கவில்லை. இரண்டும் இன்றைய பாடப் புத்தகத்தில் மொலஸ்கா என்ற ஒரே கணத்தில்தான் இருக்கின்றன. சந்தையில் நாம் வாங்கும் கணவாயும் அந்தக் குடும்பம்தான். கணவாயின் உடற்சுவர்த் தசையில் மட்டும் சாய்ந்த வரிகள் உண்டு, ஆகவே அதை இந்தக் கட்டுரையில் சேர்க்கவில்லை.

இனித் தசைக்குள் போவோம். எந்தத் தசையானாலும் அதன் கலங்களுக்குள் இரண்டு வகை இழைகள் இருக்கின்றன. தடித்த இழை மயோசின் என்ற புரதத்தால் ஆனது. மெல்லிய இழை அக்ரின் என்ற புரதத்தால் ஆனது. தடித்த இழையின் மேற்புறத்தில் மயோசினின் சிறு தலைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். அவை மெல்லிய இழையைப் பற்றி, இழுத்து, விட்டு, மறுபடி சற்றுத் தள்ளிப் பற்றும். கிணற்றுக் கயிற்றைக் கை மாற்றி இழுப்பது போல. இழைகளின் நீளம் மாறுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றையொன்று மேவியிருக்கும் பகுதி கூடக் கூட, கலம் குட்டையாகிப் பருக்கிறது. இந்த வழுக்குக் கொள்கையை இரண்டு குழுவினர் தனித்தனியே கண்டு, 1954 மே மாதத்தில் ஒரே சஞ்சிகையின் ஒரே இதழில் வெளியிட்டனர். இரு குழுவிலும் ஹக்ஸ்லி என்ற பெயருடைய ஒருவர் இருந்தார், இருவரும் உறவினர் அல்லர். ஒரு ஹக்ஸ்லியுடன் கூட இருந்தவர் ஜீன் ஹன்சன் என்ற பெண்மணி.

நம் கைகால்த் தசையில் இந்த இழைகள் அணிவகுப்பில் நிற்கும் பட்டாளம் போல ஒழுங்காக நிற்கின்றன. தடித்தவை ஒரு பட்டி, மெல்லியவை ஒரு பட்டி என்று மாறி மாறி வருவதால் நுணுக்குக்காட்டியில் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் தெரியும். ஒரு வரியிலிருந்து அடுத்த வரி வரையுள்ள துண்டைத் தசைப்பாத்து என்கிறோம். வரியற்ற தசையிலும் அதே இழைகள்தான். ஆனால் அணிவகுப்புக் கிடையாது. மெல்லிய இழைகள் கலத்துக்குள் அங்கங்கே சிதறிக் கிடக்கும் அடர்ந்த சிறு முடிச்சுகளில் கட்டப்பட்டிருக்கின்றன. தடித்த இழைகள் அவற்றுக்கிடையே புகுந்து நிற்கின்றன. ஒன்றின் தொடக்கமும் மற்றதன் தொடக்கமும் ஒரே நேரில் வராததால் வரி தெரிவதில்லை, பரப்பு ஒரே சீராகத் தெரிகிறது. 'மழமழப்பு' என்று பெயர் வைத்தவர் கையால் தடவவில்லை, நுணுக்குக்காட்டி வழியாகக் கண்ணால் தடவியிருக்கிறார். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு இதுதான் பாதி விடை.

மீதிப் பாதிக்கு நாம் மன்னாருக்குப் போக வேண்டும்.

என் மனைவியின் தாயார் சிலாவத்துறையைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது உடுத்த உடையோடு வெளிக்கிட்டு, புத்தளத்து முகாமொன்றில் பல வருடங்கள் கிடந்து, பிறகு எங்களோடு மலைக்கு வந்தவர். போர் முடிந்தபின் ஒரு முறை அவரை ஊர் பார்க்கக் கூட்டிப் போனோம். அரிப்பில், ஆளுநர் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய மாளிகையின் செங்கற் சுவர்கள் கடலை நோக்கி இடிந்து சரிந்துகொண்டிருக்கின்றன. அதன் கீழே மணலில் ஒரு பழைய முத்துச் சிப்பியின் ஓடு கிடைத்தது. இன்றும் என் மேசைமேல் இருக்கிறது.

ஓட்டின் உட்புறம் முழுவதும் பளபளப்பு. நடுவில் சற்றுத் தள்ளி, பெருவிரல் நகமளவில் ஒரு மங்கிய தழும்பு. சிப்பியின் இரண்டு ஓடுகளையும் இணைத்து இழுக்கும் தசை ஒட்டியிருந்த இடம் அது. முத்துச் சிப்பிக்கு அப்படி ஒரே ஒரு பெருந்தசைதான். ஓடுகள் சேரும் முதுகுப் பக்கத்தில் கறுத்த இணைப்பு நார் ஒன்று உண்டு. அது இறப்பர் போன்றது. ஓடுகள் மூடும்போது நசுங்கி, எந்த நேரமும் அவற்றைத் திறக்கவே முயன்றுகொண்டிருக்கும். ஆகவே சிப்பி வாய் திறப்பதற்குத் தசை எதுவும் செய்ய வேண்டியதில்லை. விட்டால் போதும். மூடியிருப்பதுதான் வேலை. கடலடியில் நண்டும் நட்சத்திர மீனும் திருக்கையும் ஓட்டைப் பிளக்கக் காத்திருக்கும்போது, அந்த வேலையை மணிக்கணக்கில், சிலவேளை நாட்கணக்கில் செய்ய வேண்டும்.

மாமி இதையெல்லாம் வேறு விதமாக அறிந்து வைத்திருந்தார். "மட்டி அவிக்கிறதுக்கு முந்தி வாய் திறந்து கிடந்தா தட்டிப் பார்க்கோணும் மகன். மூடினா உசிரோட கிடக்கு. மூடாட்டி வீசிப்போடு" என்பார். அவித்ததும் எல்லாம் வாய் திறக்கும். தசையின் புரதம் வெந்து ஓட்டிலிருந்து கழன்றதும், நசுங்கிக் கிடந்த இணைப்பு நார் ஓட்டை விரித்துவிடுகிறது. கடற்கரைச் சமையலறைப் பெண்களுக்கு இது பழைய பாடம்.

ஒரு தசை நாள் முழுதும் இழுத்துப் பிடிப்பதில் என்ன புதுமை என்று கேட்கலாம். ஒரு வாளி தண்ணீரைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வாளி அசையவே இல்லை, ஆனால் கை நடுங்கும். ஏனென்றால் நம் தசையில் மயோசின் தலைகள் பற்றுவதும் விடுவதும் மறுபடி பற்றுவதுமாக ஓயாமல் உழைத்தால்தான் பிடி நிற்கும். ஒவ்வொரு பிடிக்கும் சக்தி செலவாகும். சிப்பி அப்படிச் செலவழித்தால் பட்டினியால் செத்துவிடும், வாயை மூடியிருக்கும்போது அதற்கு உணவும் இல்லை, நல்ல ஒட்சிசனும் இல்லை.

சிப்பியின் தசையை நறுக்கிப் பார்த்தால் இரண்டு பகுதிகள் தெரியும். ஒன்று கண்ணாடி போலச் சற்றுத் தெளிவானது. சட்டென்று ஓட்டை அறைந்து மூட அது உதவுகிறது. மற்றது பால்வெள்ளை. அதுதான் வரியற்ற தசை, பிடித்துக்கொண்டு நிற்பது. மேலே சொன்ன ஜீன் ஹன்சனும் ஜாக் லோவியும் சிப்பி இனங்களின் தசைகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, வழுக்குக் கொள்கை இங்கும் பொருந்தும் என்று 1959இல் காட்டினர். ஆனால் இழைகளின் அளவுதான் ஆச்சரியம். நம் கைத்தசையின் தடித்த இழை 1.6 மைக்கிரோமீற்றர் நீளம். மைட்டிலஸ் என்ற கறுப்பு மட்டியின் தசையில் அது இருபது மைக்கிரோமீற்றரையும் தாண்டும், பத்து மடங்குக்கும் மேல். தடிப்பும் பல மடங்கு. அந்த இழையின் உள்ளே பரமயோசின் என்ற வேறொரு புரதம் தண்டாக நிற்கிறது, மயோசின் அதன்மேல் தோல் போலப் போர்த்தியிருக்கிறது. பரமயோசின் நம் உடலில் இல்லை.

நீளத்தால் என்ன பயன்? பாடசாலை விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கயிற்றை ஐந்து பேர் பிடித்து இழுப்பதற்குப் பதிலாக ஐம்பது பேர் பிடித்தால் பலம் கூடும். நீண்ட தடித்த இழையில் மிகப் பல மயோசின் தலைகள் ஒரே இழையில் சேர்ந்து இழுக்கின்றன. நம் தசையிலோ குட்டைக் கயிறுகள் பல முனைக்கு முனை தொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் சுருங்க எல்லாம் கூடி விரைவாகச் சுருங்கும், ஆனால் பலம் ஒரு கயிற்றின் பலந்தான். ஆகவே ஓட வேண்டியவனுக்கு வரித்தசை, பிடித்து நிற்க வேண்டியவனுக்கு வரியற்ற தசை. ஒரே பருமனுள்ள தசைத் துண்டுகளை எடுத்து ஒப்பிட்டால், மட்டியின் இந்தத் தசை நம் கைத்தசையைவிடச் சில மடங்கு வலுவாக இழுக்கிறது. மென்தசையாம்!

பலம் இருக்கட்டும். சக்தி செலவில்லாமல் பிடித்து நிற்பது எப்படி என்ற கேள்விக்கு விடை காண நூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது. முதலில் இதில் கை வைத்தவர்களுள் ஒருவர் இவான் பவ்லோவ். நாயும் மணியோசையும் என்று நாம் அறிந்த அதே பவ்லோவ்தான். நாய்க்கு வருமுன்னர், நன்னீர் மட்டி எப்படி ஓட்டைத் திறக்கிறது என்று ஆராய்ந்து 1885இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சுருக்குவதற்கு நரம்பு இருப்பது போலவே தளர்த்துவதற்கும் தனி நரம்பு இருக்கிறது என்று அதில் காட்டினார். அதே 1885இல்தான் எங்கள் கண்டியின் சித்திலெப்பை 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் தமிழ் படித்தவனுக்கு ஆண்டுகள் இப்படித்தான் நினைவில் நிற்கின்றன.

தளர்வதற்கு ஏன் தனி நரம்பு? நம் கைத்தசை தளர, வரும் கட்டளை நின்றால் போதும். மட்டியில் கட்டளை நின்ற பின்னும் பிடி நிற்கிறது. பழைய பரிசோதனை ஒன்று இதை அழகாகக் காட்டும். திறந்த சிப்பியின் வாயில் ஒரு மரக்கட்டையை வைத்தால் அது கட்டையைக் கவ்விக்கொள்ளும். சற்றுப் பொறுத்துக் கட்டையை மெல்ல உருவி எடுத்தால், ஓடு மேற்கொண்டு மூடுவதுமில்லை, திறப்பதுமில்லை, அப்படியே நிற்கும். அகட்டப் பார்த்தால் அசையாது. அதாவது தசை இப்போது இழுக்கவில்லை, ஆனால் இழுபடவும் மறுக்கிறது. கதவைத் தள்ளிப் பிடிப்பவன் களைத்துப் போவான். தாழ்ப்பாள் களைக்காது. மட்டியின் தசை முதலில் தள்ளி மூடிவிட்டுப் பிறகு தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்கிறது. இந்த நிலையைப் 'பிடிப்பு நிலை' என்று அழைக்கலாம்.

அந்தத் தாழ்ப்பாளைத் திறக்கும் பொருளைக் கண்டவர் பெற்றி ட்வாரொக். ஹார்வர்டில் மாணவியாக இருந்து மட்டியின் தசையோடு மல்லுக்கட்டியவர். அசற்றைல்கோலின் பட்டால் தசை சுருங்கியது, அதைக் கழுவிய பின்னும் பிடி விடவில்லை. செரட்டோனின் பட்டதும் விட்டது. செரட்டோனின் அப்போதுதான், 1948இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாட்டு இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. மட்டியின் நரம்பில் அது வேலை செய்யுமானால் முலையூட்டிகளின் மூளையிலும் இருக்கலாமே என்று தேடினார். இருந்தது. அதைப் பேஜ் என்பவரோடு சேர்ந்து 1953இலும், மட்டித் தசை பற்றிய கட்டுரையை 1954இலும் வெளியிட்டார். இன்று மனச்சோர்வுக்கு மருந்து எழுதும் வைத்தியர் உச்சரிக்கும் செரட்டோனின் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு மட்டி இருக்கிறது.

தாழ்ப்பாள் எது என்பதில் நெடுநாள் வாதம் நடந்தது. 1950களின் இறுதியில், தடித்த இழைகளின் பரமயோசின் தண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்று சிலர் கருதினர். மயோசின் தலைகளே பற்றியபடி விடாமல் நிற்கின்றன என்றனர் வேறு சிலர். 1990களின் பிற்பகுதியில் பிலடெல்பியாவில் மரியன் சீக்மன், தோமஸ் பட்லர் ஆகியோரின் குழு ட்விச்சின் என்ற மிகப் பெரிய புரதமொன்றைச் சுட்டிக் காட்டியது. அது தடித்த இழையோடு ஒட்டி நிற்பது. நடப்பது ஏறத்தாழ இப்படி: நரம்பு அசற்றைல்கோலினைச் சுரக்கும். கலத்துக்குள் கல்சியம் பெருகும். மொலஸ்காக்களில் கல்சியம் நேரே மயோசினிலேயே போய் ஒட்டி அதை எழுப்பிவிடுகிறது. தலைகள் இழுக்க, இழைகள் வழுக்க, தசை சுருங்கும். அதே வேளையில் ட்விச்சினில் இருந்த பொஸ்பேற்று கழற்றப்படும். பிறகு கல்சியம் வடிந்துவிடும், தலைகள் ஓயும். ஆனால் பொஸ்பேற்று இழந்த ட்விச்சின் தடித்த இழைக்கும் மெல்லிய இழைக்கும் இடையில் கொளுக்கி போல நின்று இரண்டையும் பிணைத்துவிடும். இழைகள் வழுக்கிய இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். பின்னர் வேறு நரம்பு செரட்டோனினைச் சுரந்தால், கலத்துக்குள் சுழல் ஏஎம்பி என்ற சிறு தூதுப் பொருள் பெருகும். அது ஒரு நொதியத்தைத் தூண்டும். நொதியம் ட்விச்சினில் மறுபடி பொஸ்பேற்றை மாட்டும். கொளுக்கி கழலும். இழைகள் விடுபடும், இணைப்பு நார் ஓட்டை விரிக்க, தசை இழுபட்டு நீளும். கொளுக்கி தனியே ட்விச்சின்தானா, மயோசினுக்கும் அதில் பங்குண்டா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் முழுதாக உடன்படவில்லை. ஆனால் திறக்கும் சாவி ட்விச்சினில் ஏறும் பொஸ்பேற்று என்பதில் பெரும்பாலும் ஒரே கருத்துத்தான்.

இதை வாசித்து முடித்த அன்றிரவு மாமியிடம் கொட்டுகளைப் பற்றிக் கேட்டேன். மாமியின் மூத்தாப்பா வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்பில் மரிச்சுக்கட்டி முகாமில் வேலை செய்தவராம். 1905இல் நடந்ததுதான் அவற்றுள் மிகப் பெரியது. அந்த ஒரு பருவத்தில் ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது. கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று பல இடத்துக் குளியாளிகளோடு பாரசீகக் குடாவிலிருந்து அரபிகளும் வந்தார்கள். சுறா கடிக்காமலிருக்கக் கடலைக் 'கட்டும்' கடல்கட்டிகளுக்கும் பங்கு இருந்தது. கொண்டுவந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாளிக்கு. அரசின் பங்கு மாலைதோறும் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். முந்திய 1902இல் பேராசிரியர் ஹேட்மன், உதவிக்கு ஹோர்னெலோடு வந்து ஆராய்ந்து எழுதிய ஐந்து பாக அறிக்கையில் சிப்பியின் உடற்கூறும் விரிவாக உண்டு. அடுத்த ஆண்டு கம்பனியொன்றுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள், சில வருடங்களில் சிப்பிப் பார்கள் வெறுமையாகிக் கம்பனியும் மூடுண்டது.

ஏலத்தில் எடுத்தவன் சிப்பியைக் கத்தியால் திறப்பதில்லை. கோடிக்கணக்கான தாழ்ப்பாள்களை எந்தக் கத்தி திறக்கும்? கத்தி பட்டால் முத்தும் கீறுப்படும், சதைக்குள் கிடக்கும் பொடி முத்துக்களும் தவறிவிடும். ஆகவே வேலி அடைத்த கொட்டுக்குள் குவித்து வெயிலில் ஒரு வாரமளவில் அழுகவிட்டார்கள். தசை செத்து அழுகியதும் இணைப்பு நார் தன் வேலையைச் செய்தது. புழு சதையைத் தின்றது. மிஞ்சியதைக் கடல்நீரில் கழுவிக் கழுவி அடியில் தங்கிய முத்தைப் பொறுக்கினார்கள்.

"அந்த நாத்தம் முசலி மட்டும் அடிக்குமாம். மூத்தாப்பா செத்துப்போற வரைக்கும் அவருக்குச் சோறு இறங்கேக்குள்ள சிலநேரம் அந்த நாத்தம் வருமாம்" என்றார் மாமி. "செத்தாத்தான் வாய் திறக்கும் எண்டு சொல்லுவாரு. உசிரோட இருக்கக்குள்ள திறக்கிறதுக்குச் சிப்பிக்கு மனசு வரோணுமாம்."

மனசு என்று அவர் சொன்னதைத்தான் பவ்லோவ் நரம்பு என்றார்.

மாமிக்கு இழுப்பு உண்டு. மன்னார் வெயிலில் இல்லாத வியாதி, மலையில் மார்கழிப் பனியோடு வந்து சேர்ந்தது. மூச்சுக் குழாய்களின் சுவரைச் சுற்றி வரியற்ற தசை வளையங்களாக இருக்கிறது. அது இறுகினால் காற்றுப் போக வழியில்லை. சிப்பியைப் போல மனிதனின் வரியற்ற தசையும் சொற்பச் சக்தியில் நெடுநேரம் இறுக்கத்தைத் தாங்கும். இரத்தக் குழாய்த் தசையில் இதை 1981இல் கண்டறிந்து 'கொண்டி நிலை' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். நமக்கு ட்விச்சினும் இல்லை, பரமயோசினும் இல்லை, ஆகவே பொறிமுறை வேறு. கல்சியமும் நம்மில் நேரே மயோசினில் ஒட்டாது, இடையே வேறு புரதங்களை வைத்துத்தான் அதை எழுப்பும். ஆனால் மாமி இழுக்கும் நீலப் பம்பில் உள்ள சல்பியூட்டமோல் மூச்சுக்குழாய்த் தசையின் வெளிப்புறத்தில் ஒட்டியதும் உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? சுழல் ஏஎம்பி பெருகுகிறது. அதே நொதியம் தூண்டப்படுகிறது. அது பொஸ்பேற்றை மாட்டும் இலக்குகள் வேறு, முடிவு ஒன்று, தசை விடுகிறது. மட்டியும் மாமியும் ஒரே தூதுவனை வைத்துத்தான் கதவைத் திறக்கிறார்கள்.

சென்ற தையில் ஓரிரவு இரண்டு மணிக்கு மாமிக்கு மூச்சு வாங்கியது. பம்ப் தீர்ந்திருந்தது. முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புகை பிடித்து, விடியும்போதுதான் அவருக்குப் பேச்சு வந்தது. அந்த ஐந்து மணி நேரமும் கட்டிலருகே நின்றுகொண்டு, பிடித்த பிடி விடாத ஒரு தசை என்றால் என்னவென்று பார்த்தேன். மழமழப்பு என்ற சொல் அன்றைக்கு என் வாயில் வரவில்லை.

மறுவாரம் வகுப்பில் அரிப்புச் சிப்பி ஓட்டைக் கொண்டுபோய்த் தழும்பைத் தடவிப் பார்க்கக் கொடுத்தேன். கேள்வி கேட்ட மாணவி தடவிப் பார்த்துவிட்டு, "இங்க மட்டும் கொஞ்சம் சொரசொரப்பா ஈக்கி சேர்" என்றாள். சிரித்துவிட்டோம். பிறகு வரி, இழை, முடிச்சு என்று கரும்பலகையில் வரைந்தேன். விஞ்ஞான ஆசிரியர் இன்னும் வரவில்லை. அவள் உயர்தரத்தில் உயிரியல் எடுக்கப் போவதாகச் சொல்கிறாள், அதற்கு எந்தப் பாடசாலைக்குப் போவது என்று வீட்டில் யோசிக்கிறார்களாம்.

வீட்டில் மாமிக்கும் இதே பாடத்தை ஒரு முறை நடத்தினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப மகன், சிப்பிக்கு இந்தப் பம்பை அடிச்சா வாய் திறக்குமோ?" என்றார்.

பம்பை நம்ப முடியாது மாமி, அதற்குச் செரட்டோனின் வேண்டும் என்றேன். ஆனால் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் அழகர்சாமி என்ற விஞ்ஞானி 1973இல் முத்துச் சிப்பியில் உருண்டை முத்து வளர்த்துக் காட்டினார். உயிரோடு சிப்பியைத் திறந்து உள்ளே கரு வைக்க வேண்டும், தசையை அறுத்தால் சிப்பி செத்துவிடும். அங்கே என்ன செய்கிறார்கள் என்றால், சிப்பி கிடக்கும் கடல்நீரின் மேல் மெந்தோல் துகளைத் தூவி மூடி வைக்கிறார்கள். ஒரு மணி நேரமளவில் சிப்பி மயங்கித் தாழ்ப்பாளைக் கழற்றி வாயைத் திறந்துவிடுகிறது. வேலை முடிந்ததும் நல்ல நீரில் விட்டால் மறுபடி மூடிக்கொள்கிறது.

"மெந்தோல் எண்டா?"

தலையணைக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய தைலப் போத்தலை எடுத்துத் திறந்து மூக்கருகே நீட்டினேன்.